நானூறு பேருக்கு ஒரு சஹன்

குடிமக்களின் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் போவது அரசாங்கத்துக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்த காரியம். அரசாங்கத்துக்குத் தெரியாமல் ஒன்று நடக்கலாமா? ஆகவே அது இனிமேல் அரசாங்கத்துக்குத் தெரிந்து, முறைப்படி, அளவோடு நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. அந்தத் தீர்மானத்தின் பயனாகத் திருகோணமலையில், துறைமுகம் தெரிகிற மாதிரி ஒரு மேல்மாடியில், 'உணவிலும் குடிநீரிலும் உள்ள நுண்பிளாஸ்டிக் துகள்களை ஒழுங்குபடுத்தும் மாவட்டப் பணியகம்' திறக்கப்பட்டது. பெயர் இவ்வளவு நீளமாக இருந்தால் வேலை கட்டையாகத்தான் இருக்கும் என்று சனம் நிம்மதியாக இருந்தது. சனம் எப்போதும் இப்படித்தான் ஏமாறும்.

கண்ணுக்குத் தெரியாத இந்தத் துகள்கள் மீனில் இருக்கின்றன, உப்பில் இருக்கின்றன, குடிக்கிற தண்ணீரில் இருக்கின்றன என்று படித்தவர்கள் சொன்னார்கள். சொன்னது மெய்தான். அவற்றை எண்ணுவதற்கென்று வெளிநாட்டிலிருந்து ஓர் இயந்திரமும் கப்பலில் வந்தது. வந்தது துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. இயந்திரத்தைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை, எந்தப் புதிய விதிக்காக அதை வரவழைத்தார்களோ அதே விதியை மீறியிருந்ததாம். உறையைக் கழற்றினால் விடலாம். ஆனால் வந்த பொருளை வந்த உறையோடுதான் ஒப்படைக்க வேண்டும் என்பது பழைய விதி. இரண்டு விதிக்கும் நடுவில் அந்த இயந்திரம் இன்னும் வெயில் காய்கிறது.

இயந்திரம் இல்லையென்று சட்டம் காத்துக்கொண்டு நிற்குமா? கொழும்பில் ஒரு குழு கூடி, பல தடவை தேநீர் குடித்து, ஒரு மதிப்பீட்டு அட்டவணையைத் தயாரித்தது. கோழிக்கு இத்தனை புள்ளி, மீனுக்கு இத்தனை, உப்புக்கு இத்தனை. ஒரு தட்டில் இருக்கிற பண்டங்களின் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் நூறைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அது சாப்பாடு அல்ல, குற்றம்.

கிண்ணியாவில் படகு எஞ்சின் திருத்துகிற தாஹிருக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. அவருடைய தலையில் அப்போது வேறு பாரம் இருந்தது. ஒரே மகன் அஸ்ஹானுக்குக் கலியாணம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கிற வலீமா விருந்து. பெண்ணின் வாப்பா ஆதம்பாவா மூதூர்க்காரர், தாஹிர் 'காக்கா' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற மூத்தவர், நாக்கு நீளமான மனுசன். மூத்த மகளுடைய வலீமாவில் தன் பக்கம் இறைச்சித் துண்டு குறைந்துபோனதை இன்றுவரை போகிற வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்.

"சாப்பாடு பத்தல்ல எண்டு ஒரு சொல்லு ஆதம்பாவாக் காக்காட வாயால வந்திச்சோ, மறுகா நான் மூதூர்ப் பக்கம் தலை காட்டேலாது" என்று தாஹிர் மனைவி நஜ்முன் நிஸாவிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கே அது பாடமாகிவிட்டது. நானூறு பேருக்குச் சொல்லியாயிற்று. நானூறு பேரும் வயிறு நிறைந்து, ஏப்பம் விட்டு எழும்ப வேண்டும். அவர் அல்லாஹ்விடம் கேட்டது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பின்னேரம், சமையல்காரர் றுவைஸ் முற்றத்தில் கிடாரங்களைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவர் மெலிந்த மனிதர். சட்டைப் பையில் பேனைகள் வரிசையாக நின்றன.

"தாஹிர் நானா வீடு இதுதானே? நான் யோகராசா. அன்புவழிபுரத்துக்காரன். பணியகத்திலயிருந்து வாறன். ஞாயிற்றுக்கிழமை உங்கட விருந்தில என்னென்ன சாப்பாடு?"

யாரோ அழைக்க விடுபட்டுப்போன விருந்தாளி, அதை ஞாபகப்படுத்த வந்திருக்கிறார் என்று நினைத்துத் தாஹிர் பூரித்துப்போனார். "புரியாணி, மாட்டிறைச்சி, கோழிப் பொரியல், கத்தரிக்காய், அச்சாறு, தயிரு, இனிப்புக்கு வட்டிலப்பம். ஒண்டுக்கும் குறையில்ல சேர். நீங்களும் குடும்பத்தோட வரணும்."

ஒவ்வொரு பண்டத்துக்கும் யோகராசா ஒரு புள்ளி போட்டார். போடப் போட அவருடைய முகம் இருண்டது. கடைசியில் கூட்டிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, "நூற்றைம்பது" என்றார்.

"மாஷா அல்லாஹ்!" என்றார் தாஹிர். நூற்றுக்கு நூற்றைம்பது எடுத்த பிள்ளையின் தகப்பன் மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது.

"நானா, இது சந்தோசப்படுற விசயமில்லை. விருந்தை நிறுத்த வேண்டிவரும்."

ஆதம்பாவா மீசையைத் தடவிக்கொண்டு, மூதூர்ச் சந்தியில் நின்று கதை சொல்லுகிற காட்சி தாஹிரின் கண்ணுக்குள் வந்து நின்றது. யோகராசா நல்ல மனிதர்தான், பாவம். வழி சொல்லிப் பார்த்தார்.

"வட்டிலப்பத்தை விட்டுப் பாருங்கோவன்."

"வட்டிலப்பம் இல்லாத வலீமாவா? எங்கட ஆக்கள் மையத்து எடுக்கிற வீடு எண்டு நினைச்சுப் போடுவாங்க சேர்."

"அப்ப உப்பை விடுங்கோ. உப்புக்குப் புள்ளி கூட."

கிடாரத்துக்குள்ளிருந்து றுவைஸின் தலை வெளியே வந்தது. "உப்பில்லாப் பண்டம் குப்பையில எண்டு கேள்விப்பட்டதில்லையா சேர்? நான் சமைக்கிறதா, இல்லாட்டிக் குப்பை கொட்டுறதா?"

எஞ்சின் ஓடாவிட்டால் எரிபொருள் வருகிற வழியைப் பார், அது சரியென்றால் நெருப்பு வருகிற வழியைப் பார் என்பது தாஹிரின் தொழில். அவர் சட்டம் வருகிற வழியைப் பார்க்கத் தொடங்கினார்.

"சேர், இந்த நூறு புள்ளி ஆருக்கு?"

"ஒரு தட்டுக்கு. ஒரு தட்டு எண்டால் ஓர் ஆள்."

"எங்கட தட்டில ஆறு பேராச்சே!"

யோகராசாவின் பேனை நின்றது. தாஹிர் உள்ளே ஓடிப்போய், விருந்துக்குக் கழுவி அடுக்கியிருந்த பெரிய வட்டத் தட்டங்களில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இந்தா இரிக்கி சஹன். நடுவுல சோறு, சுத்திவர ஆறு பேர். நூற்றைம்பத ஆறாப் பிரிச்சுப் பாருங்க."

யோகராசாவுக்குச் சஹன் தெரியாததல்ல. கிண்ணியாவில் எத்தனையோ கலியாணத்தில் ஆறாவது ஆளாகச் சம்மணம் கட்டியிருந்து ஒரு பிடி பிடித்தவர்தான். ஆனால் அது தனிப்பட்ட முறையில் தெரிந்தது. உத்தியோகபூர்வமாக இப்போதுதான் தெரியவந்தது. அவர் பிரித்துப் பார்த்தார். "இருபத்தைஞ்சு! நானா, இருபத்தைஞ்சுதான் வருது!"

குசினி வாசலில் நின்ற நஜ்முன் நிஸா கேட்டாள்: "ஆறு பேருக்கெண்டா சோறும் ஆறு மடங்குதானே போடுற? அப்ப அந்தச் சாமானும் ஆறு மடங்குதானே இரிக்கும்?"

தாஹிர் அவளைப் பார்த்த பார்வையில் கிடாரம் உருகியிருக்கும். யோகராசா அட்டவணையை மேலும் கீழும் தேடினார். "அளவைப் பற்றி இதில கேள்வி இல்லை தங்கச்சி. கேளாத கேள்விக்கு மறுமொழி எழுதுறது ஒழுக்கமீறல்."

விருந்து தப்பியது. யோகராசா மோட்டார் சைக்கிளில் பறந்தார். அன்றைக்குத் தாஹிர் தெருவில் நடந்த நடையைப் பார்க்க வேண்டும். அரசாங்கத்தையே ஒரு தட்டத்தால் மடக்கிப்போட்ட கதையை ஜங்சன் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். தவளை தன் வாயால் கெடும் என்று யாராவது அப்போது ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு பணியகத்தின் பணிப்பாளரே வாகனத்தில் வந்து இறங்கினார். கோணேஸ்வரி என்று பெயர். கழுத்தில் சிரட்டை மணி மாலை, தோளில் 'பூமியைக் காப்போம்' என்று எழுதிய துணிப்பை, பைக்குள் மூங்கில் உறிஞ்சுகுழல். அந்தக் குழல் இல்லாமல் அவர் இளநீர்கூடக் குடிப்பதில்லை. குழல் அயல்நாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது. இப்போது மேல்மட்டத்தில் அதுதான் நாகரிகம்.

"நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் எண்டு உங்களுக்கு விளங்குதோ?" என்று கேட்டார். "நாங்கள் ஒரு சதம் செலவழிக்காமல் மாவட்டத்தின்ர நுண்பிளாஸ்டிக்கை ஆறில ஒரு பங்காக்கியிருக்கிறீங்கள். கொழும்புக்கு அறிவிச்சம். அவையள் ஒரு கேள்விதான் கேட்டவை. ஏன் ஆறோட நிப்பாட்டினனீங்கள்?"

"சஹனெண்டா ஆறு பேர்தான் மெடம். அது எங்கட வழமை."

"வழமைக்கு நாங்கள் மதிப்புக் குடுக்கிறம். அதாலதான் அதை இரட்டிப்பாக்கிறம். பன்னிரண்டு பேர் இருக்கட்டும்."

"பன்னிரண்டு பேர் சுத்தியிருந்தாக் கை எட்டாதே மெடம்!"

"கை எட்டாத ஆளுக்குப் பிளாஸ்டிக்கும் எட்டாது" என்றார் கோணேஸ்வரி கனிவோடு. "திட்டத்தின்ர வெற்றியே அதுதான்."

தாஹிர் சரியென்று தலையாட்டினார். பன்னிரண்டு பேரென்றால் இரண்டு வரிசையாக இருத்தலாம், பின்வரிசைக்கு முன்வரிசை பிசைந்து கொடுக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டார். ஆனால் உத்தியோகத்தர்களுக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது. கீழே இருக்கிறவர் ஒன்றைப் பாதியாக்கினால் மேலே இருக்கிறவர் கால்வாசியாக்காமல் விடமாட்டார். சனிக்கிழமை மத்தியானம் யோகராசா மறுபடி வந்தார். முகத்தில் சந்தோசமும் பயமும் சரிபாதியாக இருந்தன.

"நானா, உங்கட வலீமா 'தேசிய முன்மாதிரி விருந்து' எண்டு பிரகடனப்படுத்தப்பட்டிருக்கு. வாழ்த்துகள். நானூறு பேருக்கும் சேர்த்து ஒரு சஹன்."

தாஹிர் கதிரையில் இருந்தார். இல்லை, விழுந்தார். "ஒரு சஹனா? நேத்து பன்னிரண்டு எண்டுதானே அங்கீகரிச்சீங்க?"

"நேற்றைய அங்கீகாரம் இண்டைய சுற்றறிக்கையால மேலும் சிறப்பிக்கப்பட்டிருக்கு."

"ஏலாதெண்டு சொன்னா?"

"அப்ப பழையபடி தட்டுக்கு ஓர் ஆள். நூற்றைம்பது புள்ளி. கிடாரத்துக்குச் சீல் வைப்பம்."

மாடு அறுத்தாகிவிட்டது. வெங்காயம் மலையாகக் குவிந்து கிடந்தது. யோகராசா போன பிறகு நஜ்முன் நிஸா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "பெரிய சட்ட வல்லுநர்! ஆறாப் பிரியுங்க எண்டு காட்டிக் குடுத்தது ஆரு? வாயக் குடுத்து வாங்கிக் கட்டினீங்களே! இப்ப பொம்புளைகள் பக்கத்துக்கு என்னத்த அனுப்பப்போறீங்க, சஹன் படத்தையா?" தாஹிருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. மாட்டை அறுத்த பிறகு சமைக்காமல் விடுவதா என்று றுவைஸ் எல்லாவற்றையும் ஆக்கிவைத்திருந்தார். பின்பக்கம் கிடாரங்களின் மூடி இடுக்கால் புரியாணி வாசம் வந்து ஆட்களின் வயிற்றைக் கிள்ளியது. மண்டபத்தின் நட்ட நடுவில் ஒரு பாய். பாயில் ஒரு சஹன். சஹனைச் சுற்றிக் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் பணியகத்தார், படம் பிடிக்கிறவர்கள், கோணேஸ்வரி மெடம்.

சோற்றை அள்ளித் தின்பது இந்தத் திட்டத்தில் இல்லை. நாலைந்து பேர் அள்ளினாலே சஹன் காலியாகி, மற்றவர்கள் 'உண்போர்' என்ற தகுதியை இழந்துவிடுவார்கள் என்று சுற்றறிக்கை முன்யோசனையோடு சொல்லியிருந்தது. ஆகவே எல்லோரும் வரிசையில் வந்து, ஒரு விரலால் சோற்றைத் தொட்டு, நாக்கில் வைத்துக்கொண்டு நகர வேண்டும். தொட்டவர் உண்டவர் ஆவார்.

முதலில் சம்மந்தி. ஆதம்பாவா கை கழுவி, தொப்பியைச் சரிசெய்து, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு ஆசையாக வந்தார். பிஸ்மி சொல்லிக் கையை விரித்தார்.

"ஒரு விரல் ஐயா" என்றார் யோகராசா.

"என்ன?"

"ஆள்காட்டி விரல் போதும். அடுத்தவர் வாங்கோ."

ஆதம்பாவா விரலைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார், பிறகு தாஹிரைப் பார்த்தார். தாஹிர் கூரையைப் பார்த்தார். வரிசை நகர்ந்தது. நடுவில் ஒரு கிழவர் "எனக்கு வேணாம், நான் வீட்ட போய்ப் பழஞ்சோறு திண்ணுறன்" என்று திரும்பினார். யோகராசா ஓடிப்போய் மறித்தார். "போகாதேங்கோ அப்பா! நீங்கள் ஒருவர் குறைஞ்சால் மற்ற எல்லாருக்கும் பிளாஸ்டிக் கூடிப்போகும்!" மற்ற எல்லோரும் கிழவரைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவர் பயந்துபோய் இரண்டு விரலால் தொட்டார். இரண்டாவது விரலுக்கு எச்சரிக்கை கிடைத்தது.

ஆண்கள் முடிந்ததும் சஹன் திரைக்கு அந்தப் பக்கம் பெண்களிடம் போனது. அங்கிருந்து கேட்ட சிரிப்பையும் வசவையும் இங்கே எழுத ஏலாது. கடைசி விரலும் பட்ட பிறகு யோகராசா நூற்றைம்பதை நானூறால் பிரித்தார். அரைப் புள்ளிகூட வரவில்லை.

"அரைக்குக் கீழ எண்டால் பூச்சியம் எண்டு எழுதுங்கோ" என்றார் கோணேஸ்வரி. எழுதினார்கள். கைதட்டல் எழுந்தது. பசித்த கை என்றபடியால் சத்தம் கொஞ்சம் குறைவு. உலகத்திலேயே முதன்முறையாக நுண்பிளாஸ்டிக் அறவே அற்ற பொதுவிருந்து கிண்ணியாவில் நடந்தேறியது என்று அவர் உரையாற்றினார். அந்த வாரமே கொழும்புப் பெரிய இடத்துப் பிள்ளைகள் வெறும் தட்டில் விரலை வைத்துப் படமெடுத்துப் போடத் தொடங்கினார்கள். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் 'விரல் விருந்து' என்று டொலரில் விற்கிறார்கள். சோறு இல்லாததற்கு விலை கூட.

ஆனால் அது பிறகு. அப்போது மண்டபத்தில் ஆதம்பாவா தாஹிரின் தோளில் கையை வைத்தார்.

"தாஹிர் தம்பி, நான் என்ட வயசுக்கு எத்தினையோ வலீமா பாத்திட்டன். எலும்பச் சூப்பின வலீமா பாத்திரிக்கேன். வெறும் விரலச் சூப்பிட்டுப் போற வலீமா இதுதான்."

தாஹிருக்குக் கண் நிறைந்துவிட்டது. மானம் போய்விட்டது. மகனின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அவர் விறுவிறென்று கோணேஸ்வரியிடம் போனார். "மெடம், பின்னால நாலு கிடாரம் நிறையச் சோறு சுடச்சுட இரிக்கி. அத நான் என்ன செய்யிற? கடல்ல கொட்டவா?"

"கடல்ல கொட்டக்கூடாது. சூழல் மாசு." அவர் யோசித்தார். அவருக்கும் காலையிலிருந்து ஒன்றும் வயிற்றில் இல்லை. "எங்கட அதிகாரம் தட்டுக்குத்தான். தட்டில போடாத சோறு எங்கட கண்ணுக்குத் தெரியாது. பையில கட்டிக் குடுத்தால் அது விருந்தில்லை, விநியோகம். வீட்ட கொண்டுபோய்ச் சாப்பிடுறது அவரவற்ற சுதந்திரம்."

பிறகென்ன! மண்டபத்துக்குப் பின்னால் பஹ்மியின் பலசரக்குக் கடையில் இருந்த சிலிசிலி பேக் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. காற்றடித்தால் பறக்கிற அந்த மெல்லிய பொலித்தீன் பைதான். றுவைஸ் கிடாரத்தின் மூடியைத் திறந்தார். கொதிக்கிற சோறு, மேலே இறைச்சி, அதன் மேலே கோழி என்று பேக்குக்குள் கொட்டிக் கொட்டிக் கொடுத்தார். அளவு கேட்பார் இல்லை. முதல் பேக்கைக் கோணேஸ்வரி வாங்கித் தன் துணிப்பைக்குள் இறக்கினார். வெளியே பார்த்தால் 'பூமியைக் காப்போம்' மட்டும் தெரிந்தது. யோகராசாவுக்கு மூன்று பேக். ஆதம்பாவா இரண்டு கையிலும் தொங்கவிட்டு, போதாமல் மருமகனின் கையிலும் தூக்கிக்கொடுத்தார். சற்று முன் தின்னவிடவில்லையென்று பணியகத்தைத் திட்டின வாயெல்லாம், பேக் கையில் வந்ததும், நல்ல சட்டம்தான் என்றது.

மறுநாள் காலை தாஹிர் தேநீர் குடிக்கும் முன்னமே தொலைபேசி அடித்தது. ஆதம்பாவா. தாஹிர் பயந்து பயந்து எடுத்தார்.

"தம்பி, மூதூரெல்லாம் உங்கட சோத்துக் கதைதான்! என்ன மினுக்கம்! வாயில வச்சா வழுக்கிட்டு எறங்குது. எங்கட வாழ்க்கையில இப்படி ஒரு புரியாணி திண்ணல்ல. என்ன நெய் போட்டீங்க?"

தாஹிர் குசினி மேசையில் மிஞ்சிக் கிடந்த பேக்குகளைப் பார்த்தார். எல்லாம் ஒரு சுற்று மெலிந்து போயிருந்தன. ஒன்றின் அடியில் சூடு தாங்காமல் உள்ளங்கையளவு ஓட்டை. ஓட்டை விழுந்த இடத்துப் பொலித்தீன் தரையில் இல்லை, மேசையில் இல்லை. சோறு மட்டும் பளபளவென்று மினுங்கிக்கொண்டிருந்தது. ஆதம்பாவாவின் வாயால் புகழ்ச்சி என்பது ஒரு மனுசனுக்கு ஆயுளில் ஒரு தரம் கிடைக்கிற சாமான்.

"நல்ல ஊர் நெய்தான் காக்கா" என்றார்.

தொலைபேசியை வைக்கவில்லை, அடுத்த அழைப்பு. யோகராசா.

"நானா, மெடமும் உந்த நெய்யைப் பற்றித்தான் கதைக்கிறா. கொழும்புக் குழுவுக்கும் கொஞ்சம் அனுப்ப வேணுமாம். அட்டவணையில அதுக்கு எத்தினை புள்ளி எண்டு பார்த்தன், காணேல்லை."

"அட்டவணையில இல்லாட்டி எவ்வளவு சேர்?"

"இல்லாட்டிப் பூச்சியம்தான். அது கிடக்கட்டும், இன்னும் ரெண்டு பேக் இருக்குமோ? பிள்ளையள் விடியக் காலமை எழும்பினதிலயிருந்து கேட்டு அழுதுகள்."

"இரிக்கி சேர், வாங்க" என்றார் தாஹிர். பிறகு குசினிப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். "நிஸா, ஓட்டை விழாத பேக் ரெண்ட எடுத்துக் கட்டோட அப்படியே கொதி தண்ணிக்குள்ள வை. சூடேறினாத்தான் நெய் நல்லா எறங்கும்."